நடவுக் காட்சியில் மூன்றாவது பெண்

ஒரே வாரத்தில் "குடைக்குள் கல்யாணம்" படத்தை மூன்று தடவை பார்த்த பாவத்துக்கு அடுத்த பிறவியிலும் தனக்கு நல்ல கதி கிடையாது என்று கார்த்திகா முடிவு கட்டிவிட்டாள். யுத்தம் முடிந்து சனங்கள் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்துப் படம். வேலைவெட்டி இல்லாத பட்டணத்துப் பையன் ஜமீன் வாரிசு என்று பொய் சொல்லிக்கொண்டு கிராமத்துக்கு வருகிறான். பண்ணையார் மகள் வேலைக்காரி என்று பொய் சொல்லிக்கொண்டு அவனைப் பார்க்கிறாள். இரண்டு பொய்யும் ஒரே குடைக்குள் ஒதுங்குகின்றன. முதல் தடவை வயிறு குலுங்கச் சிரித்தாள். இரண்டாம் தடவை கொட்டாவி விட்டாள். மூன்றாம் தடவைதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், பார்த்ததும் ஒரு திருட்டைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, இங்க பாருங்க. குடை சுருட்டி அவன் கக்கத்துல இருக்கு. அடுத்த நிமிசம் ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சு நிக்காவ. நடுவுல பெய்ஞ்ச மழை எங்க? மழையவே களவாண்டுட்டானுவ!"

சாம்சன் சிரிக்கவில்லை. சிரிப்பது அவர் வேலையும் இல்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கடைக்கு மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி, மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னால் ஏதும் காதல் உண்டா என்று ஊர் ஊராக விசாரித்தே தலைமுடியைத் தொலைத்த மனுஷர். ஸ்கூட்டர் ஓட்டுவதும், அவர் பேசத் தயங்குகிற இடத்தில் பேசுவதும், பேசியதற்காக அவரிடமே வாங்கிக் கட்டிக்கொள்வதும் கார்த்திகாவின் உத்தியோகம்.

"மழைய மட்டுமில்ல, மழைக்கு முன்னாடி வர நடவுப் பாட்டையும் சேத்து வெட்டிருக்கான்," என்றார் சாம்சன். "ரெண்டு டிஸ்க்குக்குள்ள படத்த அடக்கணும்னு வி.சி.டி. போட்டவன் வெட்டினான். ஒரே டிஸ்க்குல மூணு படம் தாரேன்னு டி.வி.டி. போட்டவன், அந்த வெட்டுன படத்தையே ஏத்தினான். இப்ப யூடியூப்ல போட்டவன் டி.வி.டி.யில இருந்து எடுத்து 'முழுநீளத் திரைப்படம்'னு பேரு வச்சிருக்கான்."

"மொழம் போட்டா பாக்கப் போறாவங்கிற தைரியந்தான்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேல்சாமி மட்டும் லேசாகச் சிரித்தார். வ. புதுப்பட்டியில் நெல்லும் தென்னையும் பார்த்த சம்சாரி. எழுபதைத் தாண்டியாயிற்று. கண்ணில் பிரஷர் ஏறி இடது கண் அணைந்துவிட்டது. வலது கண்ணில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். அதுவும் இந்த மழைக்காலம் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அது அணைவதற்குள் அவர் பார்க்க வேண்டியது ஒரே ஒரு முகம், அவருடைய அம்மா குருவம்மாளின் முகம்.

அவர் தவழ்கிற வயதில் போய்விட்டவள். வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டால் அப்பா கருத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். மறு கல்யாணமும் செய்யவில்லை.

"அந்த ஒரு நாளுதான் வாயத் தொறந்தாரு," என்று வேல்சாமி மறுபடியும் சொன்னார். இந்தக் கதையை அவர் எத்தனை தடவை சொன்னாலும் குரல் அதே இடத்தில்தான் இடறியது. "ஸ்ரீவில்லிபுத்தூர்ல சொந்தக்காரங்க கல்யாணம். மத்தியானம் பந்தி முடிஞ்சு, வாடகை டி.வி.யும் வீடியோ டெக்கும் வச்சு இந்தப் படம் போட்டாவ. எங்கய்யா தூணுல சாஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாரு. நடவுப் பாட்டு வந்துச்சு. திடுதிப்புன்னு எந்திரிச்சு, 'ஏலே வேலு, அந்தா பாருலே, வரப்புல இருந்து மூணாவது ஆளு, உங்கம்மாலே!'ன்னு கத்துனாரு. நான் திரும்புறதுக்குள்ள கரண்டு போயிருச்சு."

"நாசமாப் போற கரண்டு," என்றாள் கார்த்திகா மனதார.

"கரண்டு வந்ததும் டெக்குக்காரன் வேற கல்யாணத்துக்குப் போகணும்னு கழட்டிட்டான். எங்கய்யாட்ட கேட்டா, 'சினிமாக்காரன் நம்ம பக்கம் வந்தான், நடவாளுகளப் படம் புடிச்சான்'னு அதோட நிறுத்திட்டாரு. அந்தத் தை மாசமே அவரும் போயிட்டாரு. பொறவு வி.சி.டி. வாங்கினேன், டி.வி.டி. வாங்கினேன், பேரன் செல்லுல போட்டுக் காட்டினான். எதுலயும் எங்கம்மா இல்ல தாயி."

கீழேயிருந்து டீ வந்தது. வேல்சாமி கிளாஸை இடது கையால் வாங்கியவர், தப்பு செய்த பிள்ளை மாதிரிச் சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் மனசு லேசாகட்டும் என்று கார்த்திகா பேச்சை மாற்றினாள்.

"மூணு தடவையும் நான் அலுக்காம சிரிச்சது ஒரே எடந்தான் தாத்தா. கல்யாணப் பந்தல்ல ஒருத்தி நொட்டாங்கையால சந்தனக் கிண்ணத்த நீட்டுவா. அந்தக் காமெடிக்காரன் திட்டவும் பதறிப்போய்க் கைய மாத்துவா, சந்தனம் பூரா அவன் சட்டையில."

"அந்த எடத்துல நானும் சிரிப்பேன் தாயி," என்றார் வேல்சாமி. "அவ மொகத்துல ஒரு பாவம் இருக்கும்."

சாம்சன் இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. "பெரியவரே, அன்னைக்கு டி.வி.யில படத்தத் தவிர வேற ஏதாவது தெரிஞ்சுச்சா?"

வேல்சாமி யோசித்தார். "கீழ எழுத்து ஓடிக்கிட்டே இருந்துச்சு சார். சிங்கப்பூர்ல ஏதோ சேலைக் கடையின்னு. சேலை எடுக்கச் சிங்கப்பூர் போவமான்னு பயலுவ கேலி பண்ணினானுவ."

சாம்சன் எழுந்துவிட்டார். மூக்கில் வியர்த்துவிட்டால் மனுஷரால் உட்கார முடியாது.

"அது இந்த ஊரு கேசட்டே இல்ல. சிங்கப்பூர் கம்பெனி போட்ட வீடியோ கேசட். அந்தக் காலத்துல அங்க போன பிரிண்ட வச்சுப் போட்டிருப்பான், அதான் வெட்டுப்படாம இருந்திருக்கு. கார்த்திகா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல அப்ப சிங்கப்பூர் சாமான் யார்ட்ட இருக்கும்?"

"சிங்கப்பூர் போய்ட்டு வந்தவுகட்ட."

"வண்டிய எடு. பெரியவரே, நீங்க ஊருக்குப் போங்க, கூப்பிடுதேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்து கேசட் கடை வைத்த பாய் என்றதும், கோயில் கோபுரத்துக்கு இந்தப் பக்கம் நின்ற ஆட்டோக்காரர்கள் எல்லோருமே ஒரே சந்துக்குள் கை காட்டினார்கள். பழைய வீடியோ லைப்ரரி இப்போது செல்போன் கவர் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அபுதாஹிர் நரைத்த தாடியும் மூக்குக் கண்ணாடியுமாக வந்து, படத்தின் பேரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"குடைக்குள் கல்யாணமா? யா அல்லாஹ், அந்தக் கேசட்ட வச்சே நான் நாலு வருசம் கடை நடத்தினேன். இங்கன இருந்து ராஜபாளையம் வரைக்கும் கல்யாண வீட்டுல மொதப் படம் அதான்."

"இப்ப எங்க பாய் இருக்கு?"

"எல்லாத்தையும் பழைய இரும்புக்காரன்ட்ட போட்டாச்சு."

கார்த்திகா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அந்தக் கிழவரிடம் போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஆனால் சாம்சன் அசையவில்லை. அவர் கண் வீட்டுக்குள் இருந்த கண்ணாடி ஷோகேஸில் நின்றது. மேல் தட்டில் பிளாஸ்டிக் பூங்கொத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வீடியோ கேசட், பச்சை அட்டையில் "ஹஜ் பயண விளக்கம்" என்று அச்சிட்டது.

"அது மட்டும் போகல போல."

"அத எப்படிப் போட முடியும்?" என்றாள் அபுதாஹிரின் மனைவி ஃபரீதா. "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான்தான் தூசி தட்டி வைக்கேன். நாங்க ஹஜ்ஜுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ போட்டுப் பாப்போம்னேன். வேணாம், தேஞ்சு போயிரும்னுட்டாக."

அபுதாஹிர் தொண்டையைச் செருமினார். சாம்சன் அவர் பக்கம் திரும்பினார்.

"பாய், அப்பல்லாம் வீடியோ கடைக்கு ரெய்டு வருமே, எப்படிச் சமாளிச்சீங்க?"

"கவர மாத்திருவோம். ஆங்கிலப் படத்த விவசாயப் பாடக் கவர்ல..." என்று உற்சாகமாக ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். ஷோகேஸைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவருக்கே மறந்துபோயிருந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"போலீஸ்காரன் கனவுலயும் பிரிச்சுப் பாக்காத கவர் எதுன்னு யோசிச்சிருக்கீங்க," என்றார் சாம்சன். "நாலு வருசம் சோறு போட்ட கேசட்ட அதுலதான் வச்சிருப்பீங்க."

ஃபரீதா ஷோகேஸைத் திறந்து அட்டையைப் பிரித்தாள். கேசட்டின் முதுகில் குடை பிடித்த ஜோடி ஒன்று பல்லைக் காட்டியது. அத்தனை வெள்ளிக்கிழமையும் அவள் தூசி தட்டியது அவர்களுக்குத்தான்.

"என்ன மனுசன் நீங்க!"

"கோச்சுக்காதீங்கம்மா," என்றாள் கார்த்திகா, "இம்புட்டு மரியாதையா எந்த சினிமாவையும் யாரும் பாதுகாத்ததில்ல. கம்பெனிக்காரனே வெட்டிப்புட்டான்."

சாம்சன் அந்த நிமிஷமே வேல்சாமியைக் கிளம்பி வரச் சொன்னார். பரண் மேலிருந்து டெக் இறங்கியது. அபுதாஹிர் அதன் வயிற்றைத் திறந்து, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். கேசட்டின் நாடாவில் அங்கங்கே பூசணம் பூத்திருந்தது. ஓடும்போது அறுந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். படம் கோடு கோடாக நடுங்கி, பிறகு நின்றது. கீழே சிங்கப்பூர்ச் சேலைக் கடை ஓடியது. பெரியவர் வந்து சேருவதற்குள் இடத்தைக் கண்டுபிடித்து வைக்கலாம் என்று அபுதாஹிர் படத்தை ஓட்டினார்.

குடை சுருட்டியிருந்தது. வெட்டுப்படாத படம் நேராக வயலுக்குள் இறங்கியது.

பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுகிறார்கள். வரப்போரத்தில் அழகாக ஒருத்தி, அடுத்து ஒரு வயசாளி, மூன்றாவதாக ஒருத்தி. காமிரா நகர்ந்து வருகிறபோது அந்த மூன்றாவது பெண் நிமிர்ந்து, யாரையோ பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குனிகிறாள். அவ்வளவுதான். மழை கொட்டுகிறது, குடை விரிகிறது.

"ஆப்டுட்டா!" என்று ஃபரீதா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

கார்த்திகா மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்கவில்லை என்றால் எங்கோ இடி விழுந்திருக்கிறது என்று அர்த்தம், சாம்சனுக்குத் தெரியும்.

"என்ன?"

"திருப்பிப் போடுங்க பாய்." மறுபடி ஓடியது. "எல்லாரும் நாத்து முடிய இடது கையில புடிச்சிக்கிட்டு வலது கையால நடுதாவ. மூணாவது ஆளப் பாருங்க. முடி வலது கையில இருக்கு. நொட்டாங்கையால நடுதா." அவள் திரையில் விரலை வைத்தாள். "அண்ணாச்சி, இது அந்தச் சந்தனக்காரி. படத்துல நடிக்கிற பொம்பளை."

அபுதாஹிர் கல்யாணப் பந்தல் வரைக்கும் ஓட்டி நிறுத்தினார். சந்தேகமே இல்லை, அதே மூக்கு, அதே சிரிப்பு.

"ஒருவேளை குருவம்மாளையே மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா?" என்று கார்த்திகா கேட்டாள். கேட்கும்போதே அது நொண்டுவது அவளுக்குத் தெரிந்தது.

"கைப்பிள்ளைக்காரிய, புதுப்பட்டியில இருந்தா? இந்தச் சந்தனக்காரி பேசுற பேச்சக் கேளு, அசல் மெட்ராசு. அது போகட்டும், அந்த வயலப் பாத்தியா? நம்ம பக்கம் எந்த வயல்ல நின்னாலும் மேக்க மலை தெரியும். இதுல கண்ணுக்கெட்டின வரைக்கும் மலையே இல்ல. சினிமாக்காரன் இந்தப் பக்கம் வரவே இல்ல." சாம்சன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கருத்தையா மகன்கிட்ட பொய் சொல்லிருக்காரு."

"பெரியவர்ட்ட சொல்லாதீங்க அண்ணாச்சி."

"சொல்லாம? கண்டதச் சொல்றதுதான் நம்ம வேலை."

"மாப்பிள்ளை விசாரணையில மட்டும் பாதிய முழுங்குதீங்க! இன்னைக்கு மட்டும் அரிச்சந்திரனா?"

"கண்ணு போற மனுசன்," என்றாள் ஃபரீதா. "பாத்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நட்டம்?"

வெளியே ஆட்டோ வந்து நின்றது.

வேல்சாமி வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்திருந்தார். அம்மாவைப் பார்க்க வருகிறவர் வேறு எப்படி வருவார்? கார்த்திகா அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து டி.வி.க்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தாள். அவர் முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய், மிச்சமிருந்த கண்ணை அதில் பொருத்தினார்.

அபுதாஹிர் பொத்தானை அமுக்கினார். நடவு ஓடியது. மூன்றாவது பெண் நிமிர்ந்து சிரித்தாள்.

"யாத்தே," என்றார் வேல்சாமி. அவ்வளவு சின்னக் குரல் அந்தப் பெரிய உடம்புக்குள்ளிருந்து வந்தது. "யாத்தே, எம்புட்டுச் சின்னப் பிள்ளை! என் பேத்தி வயசுதான் இருக்கும்." சிரித்துக்கொண்டே அழுதார். "இன்னொருக்கப் போடுங்க பாய்."

போட்டார். வேல்சாமி இன்னும் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை அழுகை நின்றுவிட்டது. கார்த்திகா சாம்சனைப் பார்த்தாள். சாம்சன் தரையைப் பார்த்தார்.

"தாயி," என்றார் வேல்சாமி திரும்பாமலே. "இது அந்தச் சந்தனக் கிண்ணக்காரி இல்லையா?"

ஃபரீதா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"எங்க வீட்டு டி.வி.டி.யில இவள எம்புட்டுத் தடவ பாத்திருக்கேன். இவளப் பாத்துச் சிரிச்சிருக்கேன்." அவர் மெதுவாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "அப்ப இது எங்கம்மா இல்ல. எங்கய்யா ஏன் தாயி பொய் சொன்னாரு? நான் அவருக்கு என்ன கெடுதல் பண்ணேன்? எப்படி இருப்பான்னுதான கேட்டேன்."

அவர் தோள் குலுங்குவதைக் கார்த்திகாவால் பார்க்க முடியவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு நக்கல் உண்டு, இதற்கு இல்லை. துண்டைப் பிடித்திருந்த அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இடது கை. காலையில் டீ கிளாஸை வாங்கிவிட்டு, வெட்கப்பட்டு மாற்றிக்கொண்ட கை.

"தாத்தா," என்றாள் சட்டென்று. "நீங்க எந்தக் கைக்காரரு?"

அவர் துண்டை வலது கைக்கு மாற்றினார். "நொட்டாங்கை தாயி. எதுக்கு?"

"உங்கய்யாவுக்கு?"

"அவருக்குச் சோத்தாங்கைதான். எங்க வகையில யாருக்குமே கெடையாது. இது எங்கிருந்துடா வந்துச்சுன்னு ஊரே கேலி பண்ணும்."

கார்த்திகா ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "பாய், செத்த நேரம் அப்படியே நிறுத்துங்க. தாத்தா, வரிசையப் பாருங்க. மொத ஆளு எம்புட்டு அழகா இருக்கா. பொய் சொல்லணும்னா உங்கய்யா அவளக் காட்டிருக்கலாம். காட்டல. இத்தன பேருல நொட்டாங்கையால நடுறவ இவ ஒருத்திதான். உங்கய்யா தூணுல சாஞ்சு உக்காந்திருந்தவரு, இவ நடுறதப் பாத்துத்தான் எந்திரிச்சிருக்காரு."

வேல்சாமி திரையில் நின்ற கையைப் பார்த்தார். நாற்றை இரண்டு விரலால் பிடித்துச் சேற்றில் இறக்கப் போகிற இடது கை. வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் இடது கையைத் தூக்கி, ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"வாத்தியாரு முட்டியில அடிச்சாரு," என்றார். "அப்பத்தா சூடு வச்சா. எங்கய்யா மட்டும் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சோறு திங்கும்போது மட்டும் என் கையவே பாத்துக்கிட்டு இருப்பாரு. திங்காம பாத்துக்கிட்டே இருப்பாரு. அசிங்கப்படுதாருன்னு நெனச்சேன் தாயி. மீசை மொளச்ச பொறவு அவருக்கு முன்னால உக்காந்து சாப்பிடுறதையே விட்டுட்டேன்."

சாம்சன் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். அபுதாஹிர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கடைசி வரைக்கும் தனித்தனியாத்தான் சாப்பிட்டோம்," என்றார் வேல்சாமி. "பாய், அந்தக் கை வர எடத்த மட்டும் இன்னொருக்கப் போடுங்க."

நடவு ஓடியது. ஃபரீதா டீ கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். வேல்சாமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையால் வாங்கினார். மாற்றவில்லை.